ஆணி அக்கா எப்போது விலகினாள்?

ஒரு நாள் மத்தியானம் ஆணி அக்காவுக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மடிப்பு மேசை முன்னால் நின்று தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். மறுமுனையில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"வணக்கம் மேடம். நீங்க உங்க கேஸை விட்டு விலகினது பத்தி ஒரு சின்ன ஆய்வு பண்றோம். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"எந்தக் கேஸ்?"

"கையில தீக்காயம்... உங்க மேற்பார்வையாளர் மேல புகார் கொடுத்தீங்களே, அது."

"அதை விட்டு யாரு விலகினது?"

"நீங்கதான் மேடம்."

"நானா? எப்போ?"

அந்தப் பக்கம் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. "தேதி எங்ககிட்ட இல்லை மேடம். காரணத்தை மட்டும்தான் கேக்கச் சொல்லியிருக்காங்க. பயமா, சமாதானமாப் போயிட்டீங்களா, வீட்டுல நெருக்கடியா, இல்ல ஆர்வம் போயிடுச்சா?"

"ஆர்வமா? நான் என்ன பாட்டு கிளாஸுக்கா போனேன்? இங்க பாரும்மா, நான் விலகவே இல்லை. சம்மன் வரும் வரும்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

"அந்தப் பதில் லிஸ்ட்ல இல்லையே மேடம்..." அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பிரச்சினை தீர்ந்த குரலில், "'மற்றவை'ன்னு போட்டுக்கறேன். ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டாள்.

ஆணி அக்கா போனைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்தாள். தான் செத்துப்போனதைத் தானே பேப்பரில் படித்தவள் மாதிரி இருந்தது அவளுக்கு.

அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஓரிடத்தில் நின்றாள் என்றால் நின்றதுதான், பிடுங்குவதற்கு ஆள் வர வேண்டும். சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளை என்று ஒரு ராட்சச இயந்திரம் உண்டு. கொதிக்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈரப் படுக்கை விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வந்து விழும். விரிப்போடு கையும் போய்விடாமல் இருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். அது உடைந்துபோய், மேற்பார்வையாளரிடம் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு நாள் ஆணி அக்கா, "கம்பி போடற வரைக்கும் நான் துணி கொடுக்கமாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பெரிய டாக்டர் வேறு, விரிப்பு வரவில்லை என்று மேற்பார்வையாளரை வெளுத்து வாங்கியிருந்தார். அந்த மகராசன் அந்தக் கோபத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, அவள் வலது கையைப் பிடித்து உருளை மேல் அழுத்தி, "ஓடாதா? ஓடுதா இல்லையா பாரு" என்றான். கூட நின்ற மூன்று பெண்கள் பார்த்தார்கள். அவள் விரல்கள் இன்றுவரை முழுசாக மடங்குவதில்லை.

மேல்மாடி வார்டிலேயே கட்டுப்போட்டுப் படுக்க வைத்தார்கள். புகார் எழுத வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். "பகல்ல எங்கம்மா இருப்பீங்க?" என்று கேட்டார். "சலவைக்கூடத்துல" என்றாள். விலாசம் என்று போட்டிருந்த இடத்தில் அதையே எழுதிக்கொண்டார். பார்த்த மூன்று பேருக்கும் அதே விலாசம். இந்தச் சின்ன அவசரம்தான் பின்னால் மலையாக வந்து நின்றது.

விசாரணை முடியும்வரை மேற்பார்வையாளரை என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? கண்ணாடி போட்ட அறை ஒன்று கொடுத்தார்கள். தொழிலாளிகளோடு உரசல் வரக் கூடாது என்ற நல்லெண்ணமாம். கை வெந்தவளை மடிப்பு மேசைக்கு மாற்றினார்கள், கையை வேக வைத்தவன் அறைக்குள் நாற்காலியில் சுழன்றான். அந்த அறை வந்த பிறகு அவன் போட்ட முதல் சட்டம், வேலை நேரத்தில் வருகிற தபால் எல்லாம் அவன் கைக்குத்தான் போக வேண்டும் என்பது. யாரோ ஒருத்தி கடிதம் படித்துக்கொண்டே துணியைக் கருக்கிவிட்டாளாம், அதனால் வந்த கட்டுப்பாடு. சாயங்காலம் மனசு இருந்தால் கொடுப்பான்.

போன் வந்த மறுநாளே ஆணி அக்கா அரை நாள் லீவு போட்டு வழக்கு நடத்தும் அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே பேசக் கற்றவர். ஜனங்களின் கழுத்துக்குக் கீழே மட்டும் பார்த்தே பணிக்காலத்தை ஓட்டியிருப்பார் போல.

"உங்க கேஸ் முடிஞ்சுபோச்சும்மா. நீங்க விலகிட்டீங்க."

"யாரு சார் சொன்னது?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு. மூணு தடவை சம்மன் அனுப்பினோம். மூணு தடவையும் வாங்கியாச்சு. நீங்க வரலை, சாட்சிங்களும் வரலை. அப்புறம் நாங்க என்ன பண்றது?"

"எந்த விலாசத்துக்கு அனுப்பினீங்க?"

"நீங்க கொடுத்த விலாசம்தான். சலவைக்கூடம்."

ஆணி அக்காவுக்கு அப்போதுதான் உச்சந்தலையில் அடித்ததுபோல் புரிந்தது. "சார், அங்க தபால் வாங்கறதே அவன்தான் சார். என் கையை வேக வச்சவன். என்னைக் கோர்ட்டுக்கு வரச்சொல்லி நீங்க அவனுக்கா கடுதாசி போட்டீங்க?"

எழுத்தர் முதல் தடவையாக நிமிர்ந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார் என்று நினைக்க வேண்டாம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அது உங்க உள் விவகாரம்மா" என்றார்.

உள் விவகாரமாம்! அவளுக்கு நினைவு வந்தது. போன வருஷம் மூன்று தடவை அந்த மேற்பார்வையாளன் சட்டை மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு, மேலதிகாரிகள் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததே இந்தக் கூடத்துப் பெண்கள்தான். அவன் கோர்ட்டில் பவ்யமாக நின்று, "அவங்கதான் வரலையே ஐயா" என்று கைகட்டியிருப்பான். அந்த நேரத்தில் அவள் இங்கே உறை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி சார், மறுபடியும் எடுக்கணும்னா என்ன பண்ணணும்?"

அதற்கு வழி இருந்தது. அலுவலகங்களில் வழி இல்லாமல் போகாது, அந்த வழியில் நடந்தால் எங்கே போய்ச் சேருவோம் என்பதுதான் வேடிக்கை. எழுத்தர் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். 'என் சொந்த விருப்பத்தின்பேரில் வழக்கிலிருந்து விலகிக்கொண்ட நான், தற்போது மனம் மாறி, அதை மீண்டும் நடத்தித்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம்.

"நான் விலகலைன்னு சொல்லத்தானே சார் வந்தேன். விலகினேன்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்களே?"

"விலகினவங்கதாம்மா திரும்பி வர முடியும். விலகாதவங்களுக்கு ஃபார்ம் கிடையாது."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவன், மோதாமல் போனால் சரி என்று ரோட்டிலும் வீட்டிலும் வாழ்கிற ஆள். தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு கேஸை நடத்து. அவங்க எப்படி எழுதினா உனக்கென்ன?" என்றான்.

"எனக்கென்னவா? நாளைக்கு அவன் வக்கீல் முதல் வேலையா இதைத்தான் தூக்கிக் காட்டுவான். 'அன்னிக்கு சொந்த விருப்பத்துல போனே, இன்னிக்கு மனசு மாறி வந்தே, நாளைக்கு எப்படி மாறுவே'ன்னு கேப்பான். அப்போ நீ வந்து பதில் சொல்லுவியா?"

"போடலைன்னா கேஸே இல்லையே."

அது சரிதான். போட்டால் பொய்க்காரி, போடாவிட்டால் வழக்கே கிடையாது. இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு நடுவில் அவளை நிறுத்தியிருந்தார்கள். அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மடங்காத விரல்களை மற்றக் கையால் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டான்.

அடுத்த வாரம் தேன் குரல் பெண் மறுபடியும் கூப்பிட்டாள். அலுவலகம் ஒரு கருத்தரங்கு நடத்துகிறதாம், விலகியவர்களில் சிலரை அழைக்கிறார்களாம், போக்குவரத்துக்கு வண்டி உண்டாம். "நீங்க வந்தா நல்லா இருக்கும் மேடம். 'மற்றவை'ல நிறையப் பேரு இருக்காங்க. என்னன்னே புரியலை."

"வரேன்" என்றாள் ஆணி அக்கா.

மண்டபத்தில் குளிர்சாதனம் ஓடியது. மேடைக்குப் பின்னால் 'அவர்கள் ஏன் விலகுகிறார்கள்?' என்று பெரிதாக எழுதியிருந்தது. அலுவலகத்தின் பெரிய அதிகாரி திரையில் ஒரு வட்டப்படத்தைக் காட்டினார். பாதிக்கு மேல் சிவப்பு. "குற்றவாளிகள் தப்பிக்கறதுக்கு நாங்க காரணம்னு பேசறாங்க. பாருங்க, இவ்வளவு கேஸும் பாதிக்கப்பட்டவங்க விலகினதால விழுந்தது. நாங்க கதவைத் திறந்துதான் வச்சிருக்கோம். அவங்கதான் உள்ளே வரமாட்டேங்கறாங்க" என்று வருத்தத்தோடு தண்ணீர் குடித்தார். முன்வரிசை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. அங்கே உட்கார்ந்தவர்களில் ஒருவரும் ஜென்மத்தில் ஒரு சம்மனைக் கையால் தொட்டிருக்கமாட்டார்கள்.

ஆணி அக்கா எழுந்தாள். கையைத் தூக்கினாள், அந்தக் கையையே.

"சார், நான் விலகினேன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"தனிப்பட்ட விஷயம் அப்புறம் பேசலாம்மா."

"உங்க வட்டத்துல நான் இருக்கேன் சார். சிவப்புல. யாரு சொன்னாங்க?"

"டேட்டா சொல்லுதும்மா."

"அந்த டேட்டாகிட்ட யாரு சொன்னாங்க?"

எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அதிகாரி பின்வரிசையில் எழுத்தரைத் தேடினார். எழுத்தர் வேறு வழியில்லாமல் எழுந்து, பழக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்லித் தொலைத்தார். "மூணு தடவை வரலைன்னா சிஸ்டம் தானா 'விலகினார்'னு எடுத்துக்கும் சார். வேற காரணம் போட அதுல இடம் கிடையாது."

"விலாசம் தப்பா இருந்தா? சம்மன் போய்ச் சேரலைன்னா?" என்று கேட்டது தேன் குரல் பெண். இப்போது குரலில் தேன் இல்லை.

"அதுவும் விலகினதுதான் மேடம்."

"இந்த அம்மா மாதிரி எத்தனை பேரு இருப்பாங்க?"

"தெரியாது மேடம். அதை எண்றதுக்குக் கட்டம் இல்லை."

அதன் பிறகு ஆணி அக்கா தன் சம்மன் யார் கைக்குப் போனது என்பதைச் சொன்னாள். உடைந்த கம்பியிலிருந்து கண்ணாடி அறை வரைக்கும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர்கள் எழுதத் தொடங்கியதைப் பார்த்ததும் அதிகாரிக்குத் திடீரென்று மனிதாபிமானம் பீறிட்டது. "நாளைக்கே ஆபீஸுக்கு வாங்கம்மா" என்றார்.

"வரேன் சார். அந்தத் தாள்ல மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள்.

போடவும் இல்லை. வழக்கை மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கோர்ட்டுக்கு அவர்களே எழுதினார்கள், கோர்ட்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் தப்பு எங்களுடையது என்று எழுதக் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லையே, என்ன செய்வார்கள் பாவம்? அந்த வருஷத்து அறிக்கையில், அலுவலகத்தின் விழிப்புணர்வு முயற்சியால் மனம் மாறித் திரும்பிய பாதிக்கப்பட்டோர் ஒருவர் என்று ஒரு வரி வந்தது. வட்டப்படத்தில் அவளுக்காக மெல்லிசாக ஒரு பச்சைக் கீற்றுகூட வரைந்திருந்தார்களாம். தேன் குரல் பெண் போனில் சொல்லிவிட்டு, "சாரி மேடம்" என்றாள். ஆணி அக்கா, "அவங்க எதை வேணா வரைஞ்சுக்கட்டும். அதுல என் கையெழுத்து இல்லையே, அது போதும்" என்றாள்.

விலாசத்தை மாற்றவும் மனு கொடுத்திருந்தாள். எழுத்தர் பளிச்சென்று முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார். அந்த முத்திரையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, சம்மன் சலவைக்கூடத்துக்குத்தான் வரும் என்று. அதனால் தினமும் தபால் வருகிற நேரத்துக்கு டீ குடிக்கிற சாக்கில் வாசல் கேட்டில் போய் நின்றாள். கூட அந்த மூன்று பெண்களையும் நிறுத்திக்கொண்டாள். அவர்களுக்குப் பயம்தான், ஆனாலும் நின்றார்கள்.

வந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே கண்ணாடி அறைப் பக்கம் நடந்தார்.

"யார் பேருக்கு அண்ணே?"

"உங்க நாலு பேருக்கும்தான். ஆனா எல்லாத்தையும் ரூம்லதான் கொடுக்கணும்னு அவரு சொல்லியிருக்காரே."

"கவர் மேல அவர் பேரா இருக்கு?"

தபால்காரர் கவரைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். நான்கையும் அவளிடமே கொடுத்தார். ஆணி அக்கா பேனாவை, குழந்தை கரண்டியைப் பிடிப்பதுபோல் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு, தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு வாங்கினாள். மற்ற மூவரும் வரிசையாகப் போட்டார்கள்.

பிறகு லீவுச் சீட்டு எழுதிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனாள். மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லாமல் லீவு கிடையாது, அது சலவைக்கூடத்துச் சட்டம். அவன் சீட்டை வாங்கிப் படித்தான். காரணம் என்ற இடத்தில் 'கோர்ட்' என்று இருந்தது.

"தபால் இன்னும் வரலையே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"வந்துடுச்சு சார். எங்க நாலு பேருக்கும் லீவு வேணும். நீங்களும் அன்னிக்கு லீவு போடணுமே, மறந்துடாதீங்க."

அவன் அப்புறம் பார்க்கலாம் என்று சீட்டை ஓரமாக வைத்தான். அவள் அதை எடுத்து மறுபடியும் அவன் முன்னால் வைத்தாள். அவன் கையெழுத்துப் போடும்வரை அந்த மேசையை விட்டு நகரவில்லை.