தோப்பில் சத்தம் நின்றபோது

நெல்லித்தோப்பு ஆதிலட்சுமி பாவாடை கட்டிய வயதிலேயே மில்லுக்கு வேலைக்குப் போனவள். நூல் சுற்றும் பெண்களில் மேஸ்திரியை எதிர்த்துப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்த மறுவருஷம், 1937இல், கடலோரத்து உப்பளம் பகுதியில் தொழிலாளர் குடும்ப மாநாடு நடத்தச் சங்கம் முடிவெடுத்தபோது, பெண்கள் சார்பில் அவளைப் பேசச் சொன்னார்கள். கூடவே இன்னொரு வேலையையும் அவள் தலையில் கட்டினார்கள்.

"புள்ளைங்களுக்கு விளையாட்டுக் காட்டிப் பார்த்துக்க ஓர் ஆளைப் புடிச்சுடும்மா. இல்லன்னா அதுங்க போடற கூச்சல்ல எவன் பேச்சும் காதுல விழாது" என்றார் சங்கச் செயலாளர் இராமதாஸ்.

வீடு வீடாக ஏறி இறங்கியும் ஒருத்தியும் சிக்கவில்லை. "மொதமொதல்ல நம்மள ஒரு கூட்டத்துக்குக் கூப்புடறாங்க. அங்கயும் வந்து நான் புள்ள மேய்க்கணுமா?" என்று கேட்டாள் அவளோடு நூல் சுற்றும் ஆயம்மா.

மாநாட்டுக்கு முதல் நாள் கொளஞ்சி தானாக வந்து வாசலில் நின்றான். தறியில் வேலை செய்கிறவன். வேலைநிறுத்தம் முடிந்ததும், மற்றவர்களை வெளியே காக்க வைத்துவிட்டு, அவனை மட்டும் மில்காரர்கள் உடனே சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவன் கம்பெனி ஆள் என்று பேச்சு. ஒருவரும் அவனுக்கு முகம் கொடுப்பதில்லை.

"நான் பார்த்துக்கறேன் தங்கச்சி. பந்தல்ல என்னை யாரும் சேர்க்க மாட்டாங்க. புள்ளைங்க ஒண்ணும் சொல்லாதுங்க."

தன் மகள் செண்பகமும் அந்தப் பிள்ளைகளோடு இருப்பாளே என்று ஆதிலட்சுமி யோசித்தாள்.

"ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் உன்ன சும்மா வுட மாட்டேண்ணே" என்றாள். அவன் தலையாட்டினான்.

செய்தி கேட்டு இராமதாஸ் குதித்தார். "வேற ஆளு இருந்தா நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் பந்தல் நிரம்பி வழிந்தது. பின்னால் தென்னந்தோப்பில் கொளஞ்சி ஓலையில் ஊதலும் காத்தாடியும் செய்து கொடுத்து, பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கூச்சல் மேடைவரை கேட்டது. அது கேட்கும்வரை ஆதிலட்சுமி தடங்கலில்லாமல் பேசினாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க விடாத மேஸ்திரிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது சத்தம் சட்டென்று நின்றது.

ஓர் ஊதல் சத்தம்கூட இல்லை. அவள் பேச்சைப் பாதியில் விட்டுத் தோப்புப் பக்கம் திரும்பினாள்.

"பேசும்மா" என்றார் இராமதாஸ்.

"எம் பொண்ணு..." என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையிலிருந்து குதித்து ஓடினாள். அதைப் பார்த்த தாய்மார்கள் அத்தனை பேரும் அலறிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

தோப்பில் பிள்ளைகள் இல்லை. மறுபக்கத்திலிருந்து தடிகளோடு ஆட்கள் பந்தலை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். தலைவிரிகோலமாகப் பெண்கள் வெள்ளம்போலத் தங்கள் மேலேயே பாய்ந்து வருவதைக் கண்டதும் முன்னால் வந்தவன் நின்றான். பின்னால் வந்தவர்கள் திரும்பினார்கள். ஆண்களும் பந்தலிலிருந்து ஓடி வருவதற்குள் தடிக்காரர்கள் எல்லோரும் கலைந்துவிட்டார்கள்.

"செண்பகம்!" என்று ஆதிலட்சுமி தொண்டை கிழியக் கத்தினாள். பதில் வரவில்லை. தோப்போரத்துப் படகுக் கொட்டகையின் கதவை அவள் தள்ளித் திறந்தபோது, கையில் துடுப்பை ஓங்கியபடி கொளஞ்சி நின்றான். அவளைக் கண்டதும் கையைத் தாழ்த்தினான். பின்னால் வலைக்குவியல்மேல் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார்கள்.

"அம்மா, பேசாத! பேசினா தோத்துடுவோம்!" என்று கிசுகிசுத்தாள் செண்பகம்.

ஆதிலட்சுமி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அன்று மாலை இராமதாஸ் அவளைத் தனியே அழைத்தார். "மில்காரனோட அடியாளுங்க வர்றது அவனுக்கு மட்டும் எப்படிம்மா முன்னாடியே தெரிஞ்சுது?"

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது. அவனுங்க பக்கமா ஓடினான்? புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுத்தான ஓடினான்."

சந்தேகம் ஊரில் முழுக்கத் தீரவில்லை. ஆனால் தீபாவளிக்கு ஆதிலட்சுமி முதல் பலகாரத் தட்டை ஆயம்மாவையும் கூட்டிக்கொண்டு, பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்கக் கொளஞ்சி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.