முத்திரை வைத்த ரேடியோ

இன்று மதியம் சூலியா தெருவில், காதர் அண்ணன் கடையில் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஊரைப் பிடித்திருக்கும் ஜப்பான்காரர் ஆபீஸிலிருந்து கிராணி, அதாவது குமாஸ்தா, வந்து கடை ரேடியோவுக்கு அரக்கு முத்திரை வைத்தார்.

"இனிமே உள்ளூர் நிலையம் மட்டும்தான் அண்ணே. வெள்ளைக்காரன் பாட்டு வேணாமாம். நம்ம கலையை வளர்க்கணுமாம்."

அரக்கு காய்வதற்குள் ஜப்பானியப் பாட்டு தொடங்கிவிட்டது.

"இதுவா தம்பி நம்ம கலை?"

"நிறுத்தாதீங்க அண்ணே, ஆர்டர் லா."

அண்ணன் நிறுத்தவில்லை. மேசையைத் தட்டி, ரேடியோவைவிட உரக்கக் காவடிப்பாட்டு எடுத்தார். கடையே சேர்ந்து பாடியது. கிராணி மெல்ல நழுவினார்.

முதல் அடிக்கு மேல் யாருக்கும் தெரியாததால் அண்ணன் நின்றுவிட்டார். வருஷா வருஷம் தைப்பூச ஊர்வலத்தில் கேட்டதுதானாம்; அந்த ஓர் அடி முடிவதற்குள் ஊர்வலம் அவர் கடையைத் தாண்டிவிடுமாம்.

பாட்டின் மிச்சம் தெரிந்தவர்கள் நாளை மதியம் வாருங்கள். ஆர்டர்படி ரேடியோவும் ஓடிக்கொண்டிருக்கும்.