காலை எடுத்தியா?

ஐம்பது வயதில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய அறிவாளி நான். பிரேக் பெடல் தலையணை போல அமுங்கியது. செங்கல் என்ற ஊரின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் காருக்கடியில் படுத்தார்.

“குழாயில காத்து கேறியிருக்கு சாறே. மிதிச்சுப் பிடிங்க. நான் நட்டை முறுக்குமுன்ன காலை எடுத்தா பின்னயும் காத்து கேறும்.”

பிரேக் ஆயில் நெடி மூக்கில் ஏறியது. அப்பாவின் வாடகைக் காருக்கும் இதே வைத்தியம்தான். பெடல் மிதிப்பவன் பத்து வயது நான். அன்று மடியில் படக்கதைப் புத்தகம் இருந்தது. பக்கம் புரட்டிய ஆவலில் கால் எழுந்துவிட்டது.

“எலே மக்கா, கால எடுத்தியா?”

“இல்லப்பா.”

என்னை நம்பி வேலையை முடித்தார். மறுநாள் பனச்சமூட்டில் பிரேக் பிடிக்காமல் கார் வாழைக்குலைக் கடைக்குள் புகுந்தது. ஆளுக்குச் சேதமில்லை.

“சொந்த வண்டிக்கு பிரேக் பாக்கத் தெரியாதவன் டிரைவராக்கும்!” என்று டாக்சி ஸ்டாண்டே சிரித்தது.

“எனக்க கைப்பிழைதான்” என்றார் அப்பா. நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. அப்புறம் அவர் எங்கள் வீட்டில் யாரையும் அந்தக் காரில் ஏற்றவில்லை.

“முறுக்கியாச்சு சாறே, காலை எடுக்கலாம்.” மெக்கானிக் இருமுறை சொல்லிவிட்டு, தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். நான் மிதித்துக்கொண்டேதான் இருந்தேன்.