சும்மா சுற்றும் குமிழ்

என் அக்கா பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்பவள். குரல், வயலின், தாளம் எல்லாம் தனித்தனியாக வரும். எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவு செய்து ஒரே பாட்டாக்கித் தருவாள். ஸ்பீக்கரைத் தணித்து வைத்துத்தான் வேலை பார்ப்பாள். பாட்டு ஓடும்போதே பக்கத்தில் இருவர் சாதாரணமாகப் பேச முடிய வேண்டும், அவ்வளவுதான் சத்தம். அலற விட்டால் எந்தக் குப்பையும் நன்றாகத்தான் இருக்கும் என்பாள்.

எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் விடுவார்களா? "கூட்டுங்க, கூட்டுங்க" என்று உயிரை வாங்குவார்கள். அதிலும் எங்களுக்கு முக்கால்வாசி வேலை தருகிற இசையமைப்பாளர் இருக்கிறாரே, அவருக்கு நாங்கள் வைத்த பெயரே இடி சார். அவருக்காகவே அக்கா சோபாவின் கைப்பிடியில், சத்தத்தைக் கூட்ட என்று சொல்லி ஒரு குமிழைப் பொருத்தினாள். எதோடும் இணைப்பு கிடையாது, சும்மா சுற்றும். அவர் திருப்பிவிட்டு, "இப்பதான் உயிர் வந்துச்சு" என்பார். நாங்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவோம்.

நேற்று மத்தியானம் குமிழைக் கடைசிவரை திருப்பினார். உயிர் வந்ததாகச் சொல்லவில்லை.

"இதான்மா கடைசிப் பாட்டு. தொழிலையே விட்டுடப்போறேன்."

"ஏன் சார்?" என்றாள் அக்கா.

"காது போச்சு. எவ்வளவு திருப்பினாலும் ஒரு வித்தியாசமும் தெரியல. நல்லா இருக்குன்னு இத்தனை நாளா பொய்தான் சொன்னேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடுமே."

உண்மையைச் சொன்னால் ஏமாற்றியது ஊரெல்லாம் பரவும், மிச்சமிருக்கிறவர்களும் வரமாட்டார்கள், நாங்கள் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான். சொல்லாவிட்டால் நல்ல காதை வைத்துக்கொண்டு வீட்டில் முடங்குவார். அவருக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று அக்காவுக்குத் தலையாட்டினேன். நான் ஒன்றும் தர்மதேவதை இல்லை, எனக்குச் சோறு முக்கியம்.

அக்கா எழுந்து வந்து குமிழைப் பிடுங்கி அவர் கையில் வைத்தாள். அடியில் ஒரு ஒயர்கூட இல்லை.

"உங்க காதுக்கு ஒண்ணுமில்ல சார். இது சும்மா வச்சது. நான்தான் ஏமாத்தினேன்."

அவர் முகம் சிவந்தது. குமிழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"முதல்லேருந்து போடு. கூட்டாதே."

போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியில் கையைத் தூக்கினார்.

"ரெண்டாவது சரணத்துல வயலின் ஒரு இடத்துல பிசிறடிக்குது."

அக்கா திரும்பக் கேட்டாள். ஆமாம், பிசிறடித்தது. அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இதை முடிச்சு அனுப்பிடு. அடுத்த பாட்டுக்கு வேற இடம் பாத்துக்கறேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் நான் வெடித்தேன். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு? பொழப்புல மண்ணப் போட்டுட்டியே."

அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"அடுத்த பாட்டுன்னு சொன்னார்டி" என்றாள்.