கண்ணில் வாயுவோடு ஒரு விமானப் பயணம்

என் நாட்குறிப்பில் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘தங்கை இன்று சென்னையிலிருந்து கோவைக்கு வருகிறாள். வான்வழி ஏறத்தாழ நானூற்று முப்பது கிலோமீட்டர். பயணம் ஒன்றேகால் மணி நேரம். ரயிலைவிட நல்லது.’

தன் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போன இடத்தில் தங்கைக்கு வலது கண்ணில் விழித்திரை விலகி, அங்கேயே அறுவை சிகிச்சை நடந்தது. விழித்திரை மறுபடி ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் வாயு நிரப்பி, கொஞ்ச நாளைக்குத் தலையைக் குனிந்தே வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். விமானத்தில் வரலாம் என்று முடிவு செய்தது அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை. போனில் சொன்னார்:

“ரயில்ல அத்தனை நேரம் எப்படீங்க மச்சான் குனிஞ்சே வருவா? எங்க கல்யாணத்துலகூட இவ இவ்வளவு தலை குனியலைங்க. ப்ளேன்னா ஒரு காப்பி குடிக்கறதுக்குள்ள பீளமேடு வந்துருமுங்க.”

பின்னாலிருந்து தங்கை, “என்ற மூஞ்சியப் பாக்காம சந்தோசமா இருக்காருங்ணா” என்றாள்.

மாலையில், விமானத்தில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை ஒரு படம் அனுப்பினார். தங்கை முன் இருக்கையின் முதுகில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டை. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் கட்டிவிடும் பெயர்ப் பட்டை என்றே நினைத்தேன். அவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். கண்ணில் வாயு இருக்கிறது, விமானப் பயணம் கூடாது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

கூப்பிட்டேன். இரண்டு போனும் அணைந்திருந்தன.

மேலே பறக்கும்போது விமானத்துக்குள் காற்று கிட்டத்தட்ட ஊட்டியில் இருப்பதுபோல மெலிந்திருக்கும் என்று படித்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் போவதற்குள் தலையணைபோல உப்பிவிடும். கண்ணுக்குள் வாயு உப்ப இடம் ஏது?

சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்த நர்ஸ், “ஏறிட்டாங்களா?” என்றார். பிறகு சொன்னார்: “இறங்கினதும் நேரா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க. வீட்டுக்குப் போக வேண்டாம்.”

அவிநாசியிலிருந்து பீளமேடு விமான நிலையத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். அவள் இப்போது எங்கே, சேலத்துக்கு மேலா, இன்னும் உயரத்திலா என்பதைத் தவிர மனதில் வேறெதுவும் ஓடவில்லை. இறங்கத் தொடங்கியிருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர்கள் வெளியே வந்தபோது மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்திருந்தார்.

“மேல போனதும் யாரோ கட்டை விரலைக் கண்ணுக்குள்ள வெச்சு அமுக்குன மாதிரி இருந்துச்சுங்ணா. அப்புறம் ஒரே கறுப்பாப் போயிருச்சு. எறங்கறப்பத்தான் லேசா வெளிச்சம் தெரிஞ்சுது.”

“நாந்தானுங்க மச்சான் ப்ளேன்னு…”

“அத அப்புறம் பேசிக்கலாம். வண்டில ஏறுங்க மாப்பிள்ளை.”

ஏற்கெனவே போனில் சொல்லி வைத்திருந்த கண் டாக்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். கண்ணின் அழுத்தம் கூடியிருக்கிறது என்று மருந்து கொடுத்தார். வாயு கரையச் சில வாரமாகும், அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்றார். அந்த வாரங்களில் தங்கை எங்களைவிடத் தைரியமாக இருந்தாள். மாப்பிள்ளைதான் சரியாகச் சாப்பிடவில்லை.

வாயு கரைந்துவிட்டது. பார்வை திரும்பியது, ஆனால் மூக்குப் பக்கம் ஒரு நிழல் மட்டும் விலகவில்லை. படி இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொள்கிறாள். விழித்திரை விலகியபோதே போன பார்வையா அது, வானில் கறுத்த நேரத்தில் போனதா என்று இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். இருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தன்னால்தானா என்று மாப்பிள்ளை இன்னும் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியாது, இதுவரை யாரும் உறுதி செய்யவில்லை.