கார் குடித்த தேங்காய் எண்ணெய்

இன்று காலை உறைந்து கிடந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அடுப்பருகே வைத்தேன்; அது இளகிய வாசனையில், எப்போதோ இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் வாசல் திரும்பி வந்தது. துபாயிலிருந்து மாமா அண்ணனுக்குக் கொண்டுவந்த பழைய ரிமோட் கார் அங்கேதான் ஓடும். முள்முள்ளான பெரிய சக்கரங்கள், பின்னால் மோட்டார், சக்கரத்துக்கு ஒன்றாக ஸ்பிரிங் சுற்றிய எண்ணெய்க் குழாய்கள். கல்லில் ஏறினால் சக்கரம்தான் மேலே போய்வரும், உடம்பு ஆடாது. குழாய் எண்ணெய் ஒழுகிப்போனதும் அம்மா தலைக்கு வைக்கிற எண்ணெயை ஊற்றிவிட்டாள். பகலில் கார் மிதந்து போகும். மார்கழிக் காலைகளில் எண்ணெய் உறைந்து கார் தவளைபோலத் துள்ளும்.

சண்டைக் காலத்தில் அப்படியொரு காலையில்தான் ஆமிக்காரர்கள் லயத்தைச் சோதிக்க வந்தார்கள். நீண்ட ஏரியல் வைத்த ரிமோட்டைப் பார்த்ததும் எங்களை விலகி நிற்கச் சொன்ன ஒருவன், காரைத் தூக்கி ஒரு குழாயைத் திருகித் திறந்தான். உள்ளே வெடிமருந்தோ என்று நினைக்கும்படி மெழுகுபோல வெள்ளையாக இருந்தது. இன்னொருவனின் துவக்குக் குழல் அண்ணன் பக்கம் திரும்பியது.

“தலைக்கு வைக்கிற எண்ணெய்ங்க மாத்தயா, குளிருக்கு உறைஞ்சிருச்சு,” என்றாள் அம்மா, ‘மாத்தயா’வைத் தவிரத் தெரிந்த சிங்களமெல்லாம் மறந்துபோய்.

குழாயைத் திறந்தவனுக்குத் தமிழ் தெரியாது. விரலில் தொட்டான், விரல் சூட்டில் அது உருகியது. முகர்ந்து பார்த்தான். பிறகு துவக்கைத் தாழ்த்தச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி, அந்த விரலைத் தன் தலைமுடியில் தேய்த்துக்கொண்டான்.

அம்மா உள்ளே ஓடி, அடுப்பருகே இளகியிருந்த போத்தலையே எடுத்துவந்து நீட்டினாள். அவன் உள்ளங்கையைக் குவித்தான்.