விமானப் பாதையில் மல்லிகா

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஃபாக்டரியில் இரும்பை அளந்து சரிபார்ப்பது என் வேலை; அளவுக்குள் வராத எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. இதைப் படித்து நீங்கள் சிரித்தாலும் தப்பில்லை, ஆனால் நடந்தது இதுதான்.

தங்கவயல் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்த கோடை. என் மனைவி மல்லிகாவுக்குப் பங்காருபேட்டை தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை கிடைத்தது. நேரத்துக்குப் பஸ் இல்லை, மொபெட் வாங்கினோம். வண்டி பழக ஊரில் எல்லோரும் போவது ஏர்போர்ட் மைதானத்துக்குத்தான். முன்பு வெள்ளைக்கார பைலட்டுகள் சின்ன விமானங்களை இறக்கிய இடம். இப்போது புல் முளைத்த நீண்ட பாதை, ஆடு மேயும்.

நான் வெறுங்கையால் கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடினேன்.

"இன்னாங்க, வுட்டுடாதீங்க! வுட்டீங்கன்னா ராத்திரிக்குச் சோறு கிடையாது!"

"பிடிச்சுக்கினுதான் இருக்கேன், நேரா பாத்து ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே விட்டுவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் பழக்குவார்கள். அவள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்போது பாதையில் மேய்ந்த ஆடுகள், யாரும் ஓட்டாமலே, இரண்டு பக்கமும் ஒதுங்கின. மேய்ப்பவர் கத்தினார்: "சார், ஓரமா வாங்க! அம்மாவையும் கூப்புடுங்க!"

"ஏன், இன்னா?"

"ஆடு ஒதுங்குதே, தெரியல? எறங்கப் போவுது!"

வானத்தில் ஒன்றுமில்லை. பட்டப்பகல், இலைகூட அசையவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் பாதையின் அகலத்துக்குப் புல் ஒரே சீராகப் படுத்துக்கொண்டு வந்தது. சத்தம் காதில் இல்லை, தரையில் இருந்தது. ஏதோ என் முதுகை அழுத்தியது, குப்புற விழுந்தேன். அது என்னைத் தாண்டி மல்லிகாவை நோக்கிப் போனது. கத்தப் பார்த்தேன், மூச்சே வரவில்லை. படுத்த புல் அவள் பின்சக்கரத்தைத் தொடப்போகும் நேரம், வண்டி வெடுக்கென்று திரும்பி ஆடுகளுக்கு நடுவே சாய்ந்தது.

நான் எழுந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவள் சேலையை உதறிக்கொண்டிருந்தாள். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

"நல்ல வேளை, ஹேண்டிலைப் புடிச்சுத் திருப்பினீங்க" என்றாள்.

நான் மறுக்கவில்லை. வண்டியைப் பாதிவழியில் விட்டதையும் இதுவரை சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் நான் காப்பாற்றிய கதையை இன்றும் பெருமையாகச் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்பாள்: "ஆமா, அந்த வெயில்ல எதுக்குங்க கையில லெதர் கிளவுஸ் மாட்டிக்கினு வந்தீங்க?"